காத்திருப்போர் காணும் சியோல்

தென்கொரியாவின் தலைநகரான சியோலுக்கு வரும் அயல்நாட்டினர் பலதிறத்தினர். வாணிபத்திற்கு வருவோர் உண்டு. கல்விக்கு வருவோர் உண்டு. அரண்மனைகளையும் கடைத்தெருக்களையும் கண்டு களிக்க வருவோர் உண்டு. இவர்களுக்கிடையே, வழிகாட்டி நூல் எதிலும் குறிக்கப்படாத இருவகைப் பயணிகளையும் அந்நகரம் நெடுங்காலமாகக் கண்டுவந்துள்ளது. தாம் இன்னும் கண்ணால் கண்டிராத ஒரு குழந்தையைச் சந்திக்கும் நாளுக்காகக் காத்திருப்போர் ஒரு வகையினர். முன்னொரு நாள் அவ்வாறு அயல்நாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டு, வளர்ந்து ஆளாகி, தம்மைப் பெற்றவளைத் தேடித் திரும்பி வந்தோர் மற்றொரு வகையினர். 2018ஆம் ஆண்டு நவம்பர் முதல் வாரத்தில், குருக்களின் கூட்டமொன்றை முன்னிட்டு அந்நகருக்குச் சென்ற நமக்கு, இவ்விரு வகையினரோடும் ஒரே மேசையில் அமர்ந்து காலையுணவு உண்ணும் வாய்ப்புக் கிட்டியது. கூட்டம் தொடங்க இன்னும் சில நாட்கள் இருந்தமையால் அவர்களோடு சேர்ந்தே நகரைச் சுற்றினோம். நாம் கண்ட சியோல் காத்திருப்போரின் சியோலே.

சற்று வரலாறு சொல்லாமல் மேலே செல்ல இயலாது. 1950 முதல் 1953 வரை நடந்த போரில் கொரியா சாம்பலாயிற்று. பெற்றோரை இழந்த பிள்ளைகளும், அயல்நாட்டுப் போர்வீரருக்குப் பிறந்து எவராலும் ஏற்கப்படாத பிள்ளைகளும் தெருக்களில் நின்றனர். 1955ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் ஆரிகன் மாநில விவசாயி ஹேரி ஹோல்ட் என்பாரும் அவர் மனைவியும் எட்டுக் கொரியக் குழந்தைகளைத் தத்தெடுத்தனர். அதற்கென அமெரிக்கப் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அன்று திறந்த வாசல் பின்னர் மூடவில்லை. போரின் காயங்கள் ஆறிய பின்னரும், நாடு செல்வம் கொழிக்கத் தொடங்கிய பின்னரும் குழந்தைகள் அனுப்பப்பட்டனர். 1985ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 8,837 பேர்! மொத்தத்தில் ஏறத்தாழ 2 இலட்சம் என மதிப்பிடுவர். அவர்களுள் பெரும்பாலோர் பிற்காலத்தில் போரின் அனாதைகள் அல்லர்; மணமாகாத தாய்மாரின் பிள்ளைகள். குலவரிசையைப் பல தலைமுறைக்கு ஏடுகளில் எழுதிக் காக்கும் அம்மக்கள், இன்னார் இரத்தம் என்று அறியாத பிள்ளையை வீட்டிற்குள் ஏற்கத் தயங்கினர். மணமாகாமல் ஈன்றவளையோ உற்றாரும் ஊராரும் ஒருங்கே தள்ளிவைத்தனர். இதைப் படிக்கையில் நம்மவர் எவரும் கொரியரைப் பார்த்து விரல் நீட்டமாட்டார் என நம்புகிறோம்.

தொடக்கக் காலத்தில் தத்தெடுக்கும் பெற்றோர் கொரியாவுக்கு வரவேண்டியதே இல்லை. துணைக்கு ஆள் ஒருவர் குழந்தைகளை விமானத்தில் கொண்டுசெல்வார். பெற்றோர் தம் நகரத்து விமான நிலையத்தில் நின்று கைநீட்டி வாங்கிக் கொள்வர். 2012 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டம் இதை மாற்றிற்று. பிறந்து ஏழு நாட்கள் கழியுமுன் தாயிடம் ஒப்புதல் பெறலாகாது. பிறப்பைப் பதிவுசெய்தாக வேண்டும். குடும்ப நீதிமன்றம் இசைந்தாலன்றிக் குழந்தை நாட்டைவிட்டுப் போகலாகாது என்று விதித்தது. ஆகவே பெற்றோர் இருமுறை வரலாயினர்: முதன்முறை குழந்தையைக் காணவும் நீதிபதியின் முன் நிற்கவும், தீர்ப்புக் கிடைத்த பின், மறுமுறை அழைத்துச் செல்லவும்.

நாம் சந்தித்த தம்பதியர் முதன்முறை வந்தவர்கள். அமெரிக்கர், கணவர் பள்ளியாசிரியர், மனைவி மருத்துவமனைத் தாதி, கத்தோலிக்கர். சகல புனிதர் திருநாளன்று வியாழக்கிழமை வந்திறங்கினர். குழந்தையைக் காணக் குறித்திருந்த நேரமோ திங்கட்கிழமை காலை பத்து மணி. மூன்றாண்டுகள் காத்திருந்த அவர்களுக்கு இந்த மூன்று நாட்களைக் கழிப்பதே பெரும்பாடாயிற்று. "ஊரைப் பார்த்துவிட்டு வாருங்கள், நேரம் போய்விடும்" என்று அலுவலகத்தார் சொல்லியிருந்தார்களாம். பிரசவ அறைக்கு வெளியே உலவும் கணவனிடம் 'காலாற நடந்துவிட்டு வா' என்று சொல்வதைப் போன்ற அறிவுரை இது.

தங்கியிருந்த வீடு, அரண்மனைக்கு அணித்தான ஒரு சந்தில், ஓடு வேய்ந்த பழைய கொரிய இல்லம். கட்டில் கிடையாது, தரையில்தான் படுக்கை. தரைக்கடியில் வெப்பம் செலுத்தி அறையைச் சூடாக்கும் 'ஒந்தொல்' எனும் முறை அங்கு மிகப் பழமையானது. வெளியே பனிக்காற்று வீச, உள்ளே அடுப்பங்கரைத் திண்ணையில் படுத்தாற்போல் இதமாக உறங்கினோம். காலையில் 'ஜுக்' என்று ஒன்று தருவார்கள். பெயர்தான் வேறு, பொருள் நம் அரிசிக் கஞ்சியே. அந்தக் கஞ்சி மேசையில்தான் மூன்றாமவரைக் கண்டோம். நாற்பதைக் கடந்த பெண்மணி. முகம் கொரிய முகம். மொழியோ டேனிஷும் ஆங்கிலமும் மட்டுமே. கைக்குழந்தையாக டென்மார்க்கிற்கு அனுப்பப்பட்டு அங்கே வளர்ந்தவர். தாயைத் தேடி வருவது இது மூன்றாம் முறை. அன்று காலையில் காவல் நிலையம் சென்று மரபணுச் சோதனைக்கு எச்சில் கொடுத்துவிட்டு வந்திருந்தார். தம் பிள்ளையைத் தேடும் தாய் எவரேனும் அதேபோல் கொடுத்திருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இவர் கதையைக் கேட்டதும் அமெரிக்கத் தம்பதியர் சற்றே ஒடுங்கிப்போயினர். ஒருவர் எதை நோக்கி நடக்கின்றனரோ, அதன் மறுகரையிலிருந்து மற்றவர் திரும்பி வந்திருந்தார். இருந்தும் அவரே வலிய, "நாளெல்லாம் அறையில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும், வாருங்கள், போகலாம்" என்று அழைத்தார்.

வெள்ளிக்கிழமை கியோங்பொக்குங் அரண்மனைக்குச் சென்றோம். 1395இல் கட்டப்பட்டு, 1592இல் ஜப்பானியர் படையெடுத்த காலத்தில் எரிந்து, பின்னர் இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் புல்முளைத்துக் கிடந்த இடம் அது. வாடகைக்கு எடுத்த கொரியப் பட்டாடைகளில் இளைஞரும் இளம்பெண்டிரும் முற்றமெங்கும் நடமாடுகின்றனர். அவ்வுடையில் வருவோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்பதொரு சலுகை. பின்னே கருங்கல் மலை, முன்னே வண்ணந்தீட்டிய மரமாளிகைகள், கிங்கோ மரங்களின் பொன்மஞ்சள். அம்மரத்தின் கனி கீழே விழுந்து நசுங்கினால் எழும் நாற்றத்தையும் சொல்லிவிடுவதே நேர்மை.

இவ்வரண்மனையைத் திரும்பக் கட்டியவரைக் கத்தோலிக்கர் எளிதில் மறப்பதற்கில்லை. 1860களின் பிற்பகுதியில், சிறுவயது மன்னனின் தந்தையாகிய தெவொன்குன் என்பார் மக்களிடம் கட்டாய வசூல் நடத்தி இதை எழுப்பினார். அதே காலத்தில், 1866இல், கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடித்துக் கொல்லுமாறு ஆணையிட்டவரும் அவரே. அவருடைய மனைவியோ 1896ஆம் ஆண்டில், முதிர்ந்த வயதில், ஆயர் முத்தேல் கையால் மரியாள் என்ற பெயருடன் ஞானஸ்நானம் பெற்றார். இறைவனின் வழிகளைக் கணக்கிட நம்மால் ஆகாது.

அங்கு நின்றபோது மற்றொரு செய்தியையும் தம்பதியருக்குச் சொன்னோம். தந்தை உயிரோடிருக்க மகன் எப்படி மன்னனானான்? முந்தைய மன்னர் வாரிசின்றி இறக்கவே, அரசகுடும்பத்து மூத்த அரசி அப்பதினொரு வயதுச் சிறுவனை, மறைந்துவிட்ட தம் கணவருக்குத் தத்துப்பிள்ளையாக ஆக்கி அரியணையில் அமர்த்தினார். அவனே கோஜோங் மன்னன். தத்தெடுத்தல் கொரியருக்குப் புதிதன்று. அண்ணன் மகனைத் தம்பி எடுப்பான், ஒன்றுவிட்டவன் பிள்ளையை வாரிசற்றவன் எடுப்பான். இரத்தம் ஒன்றாயிருக்க வேண்டும், வம்சம் நடக்கவேண்டும். குலத்திற்காகப் பிள்ளையே தவிர, பிள்ளைக்காகக் குலம் அன்று. இதைக் கேட்ட ஆசிரியர், "அப்படியானால் எம் மகன் நேர் எதிர்வகை, எந்தச் சிங்காசனமும் அவனுக்குக் கிடைக்கப்போவதில்லை, எங்கள் வீட்டு மாடியறை ஒன்றுதான்" என்றார். அந்நாளில் அவர் சிரித்தது அப்போது ஒருமுறையே.

அரண்மனை வாயிலுக்கு முன்னுள்ள அகன்ற திடலில்தான் 2014 ஆகஸ்ட் 16 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் பவுல் யுன் ஜிசுங்கையும் அவருடைய தோழர்களையுமாக 124 பேரை முத்திப்பேறு பெற்றோராக உயர்த்தினார். யுன் ஜிசுங், முன்னோரின் பெயர்ப்பலகைகளை எரித்துவிட்டார் என்ற குற்றத்திற்காக 1791இல் தலையிழந்தவர். குலமே தெய்வமென்றிருந்த நாட்டில் அதைவிடப் பெருங்குற்றம் ஒன்றிருக்க முடியாது.

சனிக்கிழமை நாம்தேமுன் சந்தை. குழந்தை உடைகளுக்கென்றே அங்கே பெரும்பகுதி உண்டு. அம்மையாருக்குப் பிள்ளையின் அளவு தெரியவில்லை. கடைசியாக வந்த வளர்ச்சிக் குறிப்பில் உயரமும் எடையும் இருந்தன. ஆனால் அது சில மாதங்களுக்கு முந்தையது. ஒரே சட்டையை இரண்டு அளவில் வாங்கினார். கம்பளிக் காலுறைகளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். தம் பிள்ளையின் காலளவை அறியாத தாய்! கடைக்காரி, அம்மையாரை விட்டுவிட்டு, நம்மோடு வந்த டென்மார்க்குப் பெண்மணியிடம் கொரிய மொழியில் மளமளவென்று பேசத் தொடங்கினாள். இவர் தலையசைத்து, விளங்கவில்லை என்று சைகை காட்டினார். கொரியப் பெண்ணுக்குக் கொரியமொழி தெரியாதா என்ற வியப்போடு ஏறிட்டுப் பார்த்த கடைக்காரியின் முகம் பிறகு மெல்ல மாறியது. புரிந்துவிட்டது. விலையில் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தாள். "ஒவ்வொரு கடையிலும் இதுதான், முதலில் திட்டுவார்கள், பிறகு இரங்குவார்கள், திட்டே மேல்" என்றார் அப்பெண்மணி.

மாலையில் நாம்சான் மலைமேல் கோபுரம் பார்த்தோம். காதலர் பூட்டிவிட்டுப் போன ஆயிரக்கணக்கான பூட்டுகள் கம்பிவேலியில் தொங்குகின்றன. இவ்வளவு இரும்பு எதற்கென்று நமக்கு விளங்கவில்லை.

இறங்கி வருகையில் அப்பெண்மணி தம்பதியரைப் பார்த்து, மூன்று நாட்களாக எவரும் கேளாத வினாவைக் கேட்டுவிட்டார்: "அவனைப் பெற்றவளைப் பற்றி உங்களிடம் என்ன இருக்கிறது?" அரைப்பக்கம் இருந்தது. தாயின் வயது, கல்வி, உயரம், மணமாகாதவள் என்ற குறிப்பு, தந்தையைப் பற்றி ஒரு வரி. கடிதம் ஏதும் இல்லை. "அந்த அரைப்பக்கத்தை நகலெடுத்து மூன்று இடங்களில் வையுங்கள். என் கோப்பில் ஒரே ஒரு வரி இருந்தது. வாசலில் கண்டெடுக்கப்பட்டவள் என்று. அதே அலுவலகத்திலிருந்து வந்த மூவரின் கோப்பிலும் அதே வரி, அதே எழுத்து." அம்மையார் நடுங்கும் குரலில், தாங்கள் எதையும் மறைக்க மாட்டோம் என்றார். "நீங்கள் மறைக்க மாட்டீர்கள், உங்களுக்குத் தந்தவர்கள் மறைத்திருந்தால்?" என்றார் இவர். யாரும் விடை சொல்லவில்லை. பேருந்து வந்தது, ஏறிக்கொண்டோம்.

ஞாயிறன்று மியோங்தோங் பேராலயத்தில் ஆங்கிலத் திருப்பலி. பட்டணத்தின் மிகப்பெரிய கடைத்தெருவின் நடுவே சிறுமேட்டின் மீது செங்கல்லும் சாம்பல்நிறக் கல்லுமாக எழும்பி நிற்கிறது அது. 1892இல் தொடங்கி 1898இல் அபிஷேகம் செய்யப்பட்டது. வரைபடம் இட்டவர் தந்தை கோஸ்த் என்னும் பிரெஞ்சுக் குரு. பாரீசு வேதபோதக சபையைச் சேர்ந்தவர். 1776 முதல் புதுச்சேரியிலும், பின்னர் கோவை, சேலம், கும்பகோணம் பகுதிகளிலும் நம் முன்னோர்க்குத் திருவருட்சாதனங்களை வழங்கியது இச்சபையே என்பதை வாசகர் அறிவர். பாரீசில் ஒரே இல்லத்தில் பயின்றவர்களுள் ஒருவர் கப்பலேறி நம் நாட்டிற்கு வந்து முதுமையில் கட்டிலில் இறந்தார். மற்றொருவர் கொரியாவுக்குச் சென்று ஆற்றங்கரையில் தலை வெட்டுண்டார். அத்தகையோருள் ஒருவரான ஆயர் இம்பேரின் எலும்புகள் பேராலயத்தின் நிலவறையில் உள்ளன. 1839இல் மறைசாட்சியானவர் அவர். நவம்பர், மரித்த விசுவாசிகளுக்குரிய மாதம். நிலவறையில் நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தோம்.

கொரியத் திருச்சபையின் தொடக்கம் உலகில் வேறெங்கும் காணாதது. குருக்கள் போய் வேதம் போதிக்கவில்லை. அந்நாட்டு அறிஞர் சிலர் சீனத்திலிருந்து வந்த நூல்களைப் படித்துத் தாமே விசுவாசங்கொண்டனர். அவர்களுள் இ சுங்குன் என்பார் 1784இல் பெக்கிங் நகரில் பேதுரு என ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினார். அப்புது விசுவாசிகள் கூடி செபித்த வீடு, இன்று பேராலயம் நிற்கும் பகுதியில்தான் இருந்தது. ஈன்றவர் அருகில் இல்லாமலே வளர்ந்த பிள்ளை என்று அச்சபையைச் சொல்லலாம். முதல் கொரியக் குரு அந்திரேயா கிம் 1845இல் ஷாங்காயில் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டிலேயே இருபத்தைந்து வயதில் கொல்லப்பட்டார். இவரையும் சேர்த்து 103 பேருக்கு இரண்டாம் அருள் சின்னப்பர் 1984 மே 6இல் சியோலிலேயே புனிதர் பட்டம் அளித்தார். அவர்களுள் பத்துப் பேர் பிரெஞ்சு ஆயர்களும் குருக்களும், ஏனையோர் கொரியர்.

பேராலயத்திற்குப் பக்கத்திலேயே தூய சின்னப்பரின் சார்த்தர் சபைக் கன்னியரின் இல்லம் இருக்கிறது. 1888இல் அக்கன்னியர் நால்வர் கொரியாவுக்கு வந்ததும் ஏற்ற முதற்பணி அனாதைக் குழந்தைகளைப் பேணுவதே. திருப்பாலத்துவ சபையின் உதவியும் அப்பணிக்கு இருந்தது. சிறுவயதில் தவக்கால உண்டியலில் நாம் காசு போட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. அன்றைய கன்னியர் குழந்தைகளை அந்நாட்டிலேயே வளர்த்து, அம்மொழியிலேயே செபம் கற்பித்தனர் என்பதையும் இங்கே குறிப்பிடுவது முறை.

திங்களன்று தம்பதியர் நம்மையும் உடன்வருமாறு வேண்டினர். அலுவலகத்தினுள் வெளியாருக்கு இடமில்லை; அங்கிருந்து நடக்கும் தொலைவிலேயே ஜொல்துசான் குன்று இருந்தது. "தந்தையே, நீங்கள் அங்கே எங்களுக்காகச் செபித்துக்கொண்டிருங்கள், முடிந்ததும் வருகிறோம்" என்றார் கணவர். ஹன் ஆற்றின் கரையில் செங்குத்தாக எழும் சிறு பாறைக்குன்று அது. முன்னாளில் பட்டுப்புழுவின் தலை போன்றிருப்பதால் 'பட்டுப்புழுத்தலைக் குன்று' என்றழைக்கப்பட்டது. 1866இல், குருக்கள் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்கப் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் ஆற்றில் ஏறி வந்தன. அந்நியர் காலடியால் மாசுற்ற ஆற்றை அவர்களுடைய மதத்தினரின் இரத்தத்தால் கழுவுவதாகச் சொல்லி, கிறிஸ்தவர்களை இங்கே கொண்டுவந்து தலை வெட்டி நீரில் எறிந்தனர். அன்று முதல் பெயர் 'ஜொல்துசான்'. தலை வெட்டிய மலை என்று பொருள். அந்தக் கலாபனையில் நாடு முழுதும் இறந்தோர் எண்ணாயிரம் வரை என்பர். பெரும்பாலோரின் பெயர்கூடத் தெரியாது. 1967இல் எழுப்பிய ஆலயத்தின் கூரை பழங்காலக் கொரியர் அணிந்த தொப்பியின் வடிவில் அமைந்துள்ளது. அன்று அருங்காட்சியகம் மூடியிருந்தது. ஆலயமும் குன்றும் திறந்திருந்தன.

அடுத்தாற்போலவே அயல்நாட்டுப் புரட்டஸ்தாந்து போதகர்களின் கல்லறைத் தோட்டம். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் அங்கே அடக்கம் பெற்றிருக்கிறார். கொரிய மொழிக்கும் நம் திராவிட மொழிகளுக்கும் உறவுண்டு என்று 1905இல் ஒரு நூலே எழுதியவர். இன்றைய மொழியறிஞர் அதை ஏற்பதில்லை. ஆயினும், கொரியக் குழந்தை தகப்பனை 'அப்பா' என்றும் தாயை 'ஒம்மா' என்றும் கூப்பிடுவதைத் தெருவில் கேட்கும் தமிழன் ஒருகணம் திரும்பிப் பார்க்காமலிரான்.

நண்பகலுக்குச் சற்று முன் அவர்கள் குன்றேறி வந்தனர். கல் இருக்கையில் அமர்ந்து, இடையிடையே நிறுத்தி, நடந்ததைச் சொன்னார்கள். பிள்ளைக்கு இரண்டு வயதும் இரண்டு மாதமும். அவனைப் பிறந்த சில வாரங்களிலிருந்து தம் வீட்டில் வைத்து வளர்த்தவர் அறுபது வயதான ஓர் அம்மாள். நம் பழந்தமிழ் நூல்கள் செவிலித்தாய் என்று சொல்லும் உறவை அந்த அம்மாளிடம் காணலாம். கொரிய வழக்கப்படி பிள்ளையைத் துணியால் முதுகோடு சேர்த்துக் கட்டிச் சுமந்து வந்தார். அவர் இவ்வாறு வளர்த்துக் கையளித்த பிள்ளைகளுள் இவன் பதினேழாமவன். தம்பதியர் முன்னரே அனுப்பியிருந்த நிழற்படத்தை நாள்தோறும் காட்டி, 'இதோ அப்பா' என்று சொல்லிக் கொடுத்திருந்தார். பிள்ளையும் படத்தைத் தொட்டு "அப்பா" என்றான். படத்தில் இருந்தவர் எதிரே வந்து மண்டியிட்டதும் வீறிட்டழுது செவிலித்தாயின் பாவாடைக்குள் முகம் புதைத்துக்கொண்டான். கொண்டுபோன பொம்மை வண்டியை விட்டெறிந்தான். "படத்திற்கு மட்டும்தான் நான் அப்பா" என்று சொல்லிச் சிரிக்க முயன்ற கணவர் பாதியில் நிறுத்தி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவிலித்தாய் மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னவற்றை அம்மையார் ஒரு குறிப்பேட்டில் எழுதியிருந்தார். கடற்பாசிச் சாறு இருந்தால் சோறு இறங்கும். நாயைக் கண்டால் அஞ்சுவான். தரை சூடாக இல்லாவிட்டால் உறங்க மாட்டான். நள்ளிரவில் விழித்தால் முதுகில் இருமுறை தட்டவேண்டும். மூன்றுமுறை தட்டினால் விளையாட்டென்று எண்ணி எழுந்து உட்காருவான். முதல் பிறந்தநாளில் நூல், அரிசி, புத்தகம், பணம் முதலியவற்றை முன்னே பரப்பி எதை எடுக்கிறான் என்று பார்க்கும் வழக்கம் அங்குண்டு. இவன் நூலை எடுத்தானாம். நீண்ட ஆயுள் என்று பொருள். அதைச் சொல்லும்போது மட்டும் அந்த அம்மாளின் குரல் உடைந்தது. "பேசிய ஒன்றரை மணி நேரமும் அவர் கை பிள்ளையின் முதுகை விட்டு எடுபடவேயில்லை. அவரிடமிருந்து இவனைப் பறிக்கிறோமோ, தந்தையே?" என்றார் அம்மையார். பறிப்பதல்ல என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. நாம் அவ்வாறு சொல்லவில்லை. பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தி, இனி வளர்க்கப்போகிறவள் ஒருத்தி. இரண்டு வயதுக்குள் மூன்று தாய்மாரைக் கண்டுவிட்ட அப்பிள்ளைக்கு, மூவரில் எவரையும் இல்லாதவராக்கிவிடக் கூடாதென்று மட்டும் சொன்னோம். ஊர் திரும்பியதும் கட்டிலை அப்புறப்படுத்தி, பிள்ளையோடு தரையில் படுக்கப்போவதாகக் கணவர் சொன்னார்.

இவ்விடத்தில் நம் மக்களுக்கும் ஒன்று சொல்லவேண்டியுள்ளது. தத்தெடுத்த செய்தி வெளியே தெரியாதிருக்க வீட்டையும் ஊரையும் மாற்றிக்கொண்டு, பிள்ளைக்கே மறைத்து வளர்ப்போர் நம் பங்குகளில் உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் உண்மையை எழுத வேண்டாமென்று குருவிடம் கெஞ்சுவோரும் உண்டு. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 877ஆம் எண், தத்தெடுத்தோரின் பெயரைப் பதிவதோடு, அரசுப் பதிவில் இருக்குமாயின் பெற்றோரின் பெயரையும் பதிய இடந்தருகிறது. அன்பின் பேரால் எட்டாம் கட்டளையை மீறுவது அன்பாகாது. மறைத்த உண்மை மணவறையிலோ மரணப் படுக்கையிலோ வெளிப்பட்டு, முப்பது வயதில் நிலைகுலைந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

தம்பதியர் செவ்வாயன்று பிள்ளையை மீண்டும் சந்தித்தனர். இம்முறை பொம்மை வண்டியை எறியவில்லை, தானே உருட்டினான். பின்னர் நீதிமன்றத்தில் நின்றனர், ஊர் திரும்பினர், சில மாதங்கள் கழித்துத் தீர்ப்புக் கிடைத்து வந்து அழைத்துச் சென்றனர். செவிலித்தாய் விமான நிலையத்திற்கு வரவில்லையாம். வந்தால் பிள்ளை போகமாட்டான் என்று அறிந்தவர்.

டென்மார்க்குப் பெண்மணி அன்று பேருந்து நிறுத்தத்தில் சொன்னது வெறும் மனக்கசப்பன்று என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. 2022ஆம் ஆண்டில், டென்மார்க்கில் வளர்ந்தோர் முன்னின்று, கொரிய அரசு அமைத்த உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையத்திடம் முறையிட்டனர். பதினொரு நாடுகளிலிருந்து 367 பேர் மனுச் செய்தனர். பெற்றோர் இருந்தும் அனாதை என்று எழுதியதும், இறந்த குழந்தையின் பெயரை வேறொரு குழந்தைக்கு இட்டு அனுப்பியதும், தாயின் முறையான ஒப்புதலின்றி அனுப்பியதும் நடந்திருந்தன. அரசு மேற்பார்வை செய்யத் தவறிற்று என்றும் ஆணையம் 2025 மார்ச்சில் அறிவித்தது. 56 பேரின் உரிமை மீறப்பட்டதென ஏற்றது. ஏனைய மனுக்களுள் பெரும்பாலானவை முடிவுறாமலே நிற்க, அவ்வாண்டு நவம்பரில் ஆணையத்தின் காலம் முடிந்தது. அக்டோபரில் குடியரசுத் தலைவர் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார். அதே ஆண்டு ஜூலையில் தத்தெடுப்புப் பணி தனியார் நிறுவனங்களிடமிருந்து அரசின் பொறுப்புக்கு மாற்றப்பட்டது. நம் நண்பரின் மனு முடிவுறாதவற்றுள் ஒன்று. மரபணு ஒப்பீட்டிலும் இதுவரை எவரும் பொருந்தவில்லை. இருந்தும் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் சியோலுக்குச் செல்கிறார். இப்போது சந்தைக் கடைக்காரிகளிடம் விலை பேசுமளவுக்கு மொழி கற்றிருப்பதாக எழுதியுள்ளார்.

அமெரிக்கத் தம்பதியரும் ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மடல் எழுதுகின்றனர். சென்ற மடலோடு புதுநன்மை வாங்கிய உடையில் பையனின் படம் வந்தது. தான் யாரைப் போல இருக்கிறேன் என்று கேட்கிறானாம். ஆணையத்தின் அறிக்கை வெளியான பின், அந்த அரைப்பக்கத்தைச் சரிபார்த்துத் தருமாறும், பெற்றவள் விரும்பினால் தம் முகவரியை அவளுக்குத் தெரிவிக்குமாறும் அரசு அலுவலகத்திற்கு எழுதியிருக்கின்றனர். செவிலித்தாய்க்கு எழுதிய கடிதத்திற்கு மறுமொழி வந்தது. காலுறை அளவு கேட்டிருந்தார். பெற்றவளிடமிருந்து இன்னும் ஏதும் வரவில்லை.